முகரக் கூடாத மல்லி

நாற்பது நாள் குப்பைமேனிக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் நான். ஒருநாள் இருநாள் ஊற்றியிருந்தால் வெளியே சொல்லாமல் இருந்திருப்பேன். நாற்பது நாளும் காலையில் எழுந்து, கிணற்றில் இறைத்து, வெயில் படாமலிருக்க ஓலைத் தட்டி கட்டி, அதன் பக்கத்தில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தண்டுக்கீரை சாகுபடி பற்றிப் பேசியும் இருக்கிறேன். அதனால் மறைக்க வழியில்லை.

இது நடந்தது ஐம்பதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில். எங்கள் தெருக்கோடியில் வீடு இடிந்து காலியாகிக் கிடந்த மனை ஒன்று இருந்தது. சொந்தக்காரர் பம்பாயில் இருந்தார். தெருவில் எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து அவருக்கு எழுதி அனுமதி வாங்கி, ஆடி மாதத்தில் அங்கே தோட்டக் கழகம் ஒன்றைத் தொடங்கினோம். ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த மாமா தலைவர். தெருவே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். நான் காரியதரிசி. நாலு புத்தகம் படித்தவன், கடிதம் நன்றாக எழுதுவான் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. மண்வெட்டியோடு என்னைப் பார்த்தவர்களும் இவனைக் கடிதம் எழுத விடுவதே நல்லது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள்.

எங்களில் விஷயம் தெரிந்தவர் பாட்டனி சார் ஒருவர்தான். மாமாவின் பழைய சிநேகிதர், திருச்சியில் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் காவேரிப் பாலம் தாண்டி சைக்கிளில் வந்து இறங்குவார். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என் பாத்தியின் முன்னால் குந்தினார்.

“சார், இது என்ன சார்?”

“தண்டுக்கீரை.”

“யார் சொன்னா?”

“விதைப் பொட்டலத்துல போட்டிருந்தது.”

“பொட்டலத்துல சரியாத்தான் போட்டிருப்பாங்க. விதையை எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும். இது குப்பைமேனி.” ஒரு செடியைப் பிடுங்கி எனக்கு வேரைக் காட்டினார். அந்த வேருக்குப் பூனைகள் உயிரை விடும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். சாயங்காலத்துக்குள் தெருவிலிருந்த பூனைகளெல்லாம் என் கீரைப் பாத்தியில் புரண்டுகொண்டிருந்தன.

அதன்பிறகு என்னை மல்லிப் பாத்திக்கு மாற்றினார்கள். அங்கே எனக்கு மேலே பாட்டனி சார் இருந்தார், அவருக்கு மேலே மாமா இருந்தார், ஆகவே ஆபத்தில்லை என்று கணக்கு.

மல்லி மாமாவின் ஆசை. முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். “இத்தனை வருஷமா கடைப் பூவைத்தான் வாங்கிக் குடுத்திண்டிருக்கேன். நானே மண்ணைக் கொத்தி, நானே தீர்த்தம் விட்டு, கோயில்ல தாயாருக்கு ஒரே ஒரு மாலை. இந்தத் தோட்டத்துல எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

தாயாருக்கு என்று வைத்தாகிவிட்டதால் ஒரு சட்டமும் கூடவே வந்தது. அந்தப் பூவை யாரும் முகரக் கூடாது. மனுஷன் முகர்ந்த பூ எச்சில் பட்ட பண்டம் மாதிரி, சாத்த முடியாது. யாரும் தலையில் வைத்துக்கொள்ளவும் கூடாது. பாத்திக்குள் குனிகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குனிய வேண்டும். இந்தச் சட்டத்தை எங்கள் எல்லோரையும்விடக் கண்டிப்பாகக் காப்பாற்றியவர் பாட்டனி சார். இலையில் பூச்சி பார்க்கும்போதுகூட மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். முகம் சிவந்துபோய் நிமிர்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, “செம்பேன் இல்ல மாமா” என்பார்.

திருவெள்ளறைப் பக்கத்து விவசாயி ஒருவரிடமிருந்து அவர்தான் ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் மல்லிப் பதியன் கொண்டுவந்தார். ஐப்பசி மழையில் பாத்தி குளமாயிற்று. மாமா தன் குடையைக் கொண்டுவந்து செடிக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் முழங்கால் சேற்றில் வாய்க்கால் வெட்டினோம். நான் வெட்டிய வாய்க்கால் தெருவிலிருந்த தண்ணீரைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதை உடனே மூடிவிட்டார்கள்.

தை மாதம் பாட்டனி சார் கத்தரியோடு வந்தார். கவாத்து செய்ய வேண்டும் என்றார்.

“தாயாருக்குன்னு வச்ச செடியை வெட்டறதாவது!”

“வெட்டினாத்தான் மாமா பூக்கும். வெட்டிட்டு ரெண்டு வாரம் தண்ணியும் காட்டக் கூடாது.”

மாமா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளிலிருந்து தினமும் வந்து மொட்டைக் குச்சிகளைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்ப்பார். நான் வெட்டியது போல.

மாசியில் துளிர் விட்டது. கூடவே பம்பாயிலிருந்து கடிதமும் வந்தது. மனையில் வீடு கட்டப்போகிறேன், சித்திரை பிறந்ததும் காலி செய்துகொடுங்கள் என்று. என் திறமையெல்லாம் காட்டி நாலு பக்கம் பதில் எழுதினேன். மண்ணின் மகிமை, மல்லியின் மென்மை, மனித உறவு எல்லாம் அதில் இருந்தது. திரும்பி வந்தது ஒரு கார்டு. “சித்திரை முதல் வாரம் மேஸ்திரி வருவார்.”

ஆகவே மாமாவுக்கு இருந்தது அந்த ஒரு பங்குனி மட்டும். முதல் வருஷத்துச் செடி, தினம் ஒரு கைப்பிடிதான் பூத்தது. அது மாமா வீட்டுப் பூஜை அறைக்குப் போயிற்று. மாலைக்குப் போதாது. பாட்டனி சார் காம்பு காம்பாகப் பார்த்து, பங்குனிக் கடைசி வெள்ளிக்கிழமை மொக்கு நிறைய இருக்கும் என்று நாள் குறித்தார். சன்னதியில் தெரிந்தவர் மூலம் மாமா சொல்லிவைத்தார்.

அன்று விடியற்காலையில் எட்டு வீட்டாரும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். பாட்டனி சாரும் வந்திருந்தார். ஆளுக்கொரு வரிசை, முகத்தைத் திருப்பிக்கொண்டு பறித்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டி, காரியதரிசி என்ற மரியாதைக்காக என் கையில் கொடுத்தார்கள். மாமாவிடம் நான் சேர்ப்பிக்க வேண்டும். பத்தடி தூரம்.

ஒரு கூடை மல்லியைக் கையில் வாங்கியவன் என்ன செய்வான்? குழந்தையைக் கையில் வாங்கியவன் செய்வதைத்தான் செய்தேன். முகத்தை அதில் புதைத்து, கண்ணை மூடி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன்.

கண்ணைத் திறந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா... எனக்கு ரெண்டு நாளா ஜலதோஷம்” என்றேன்.

“ஏது ஜலதோஷம்? அடுத்த வீட்டு ரசம் தூக்குதுன்னு நேத்துதானே சொன்னீங்க?” என்றாள் பின்னாலிருந்து என் மனைவி. அவளுக்கு எப்போதும் நியாயம் முக்கியம்.

பாட்டனி சார் முன்னால் வந்தார். “மாமா, இது விரியாத மொக்கு. சாயங்காலம் விரியும்போதுதான் இதுல வாசனையே உண்டாகும். இல்லாத வாசனையை ஒருத்தர் எப்படி மோந்திருக்க முடியும்?”

மாமா யோசித்தார். பிறகு என்னிடம் திரும்பி, “வந்துதா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நம்பத் தயாராக இருந்த முகம் அது. நான் அன்றாடம் சில்லறைப் பொய் சொல்கிறவன்தான். ஆனால் எட்டு மாதமாக அந்த மனிதர் பாடுபட்டதையும், மழையில் செடிக்குக் குடை பிடித்ததையும் பார்த்திருந்தேன்.

“கொஞ்சம் வந்தது மாமா.”

“சரி. நிஜத்தைச் சொன்னீர்” என்றார். காலிக் கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடியும் பாத்திக்குள் இறங்கினார்.

எல்லோரும் பின்னாலேயே இறங்கினோம். என்னை வரப்பில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். இலைக்கடியில் தப்பியது, மறுநாளுக்கென்று விட்டது, பச்சையாகக் கடுகு போலிருந்தது எல்லாவற்றையும் துழாவினார்கள். இரண்டு கைப்பிடி தேறிற்று. தோட்டத்துத் துளசியையும் மருவையும் நடுவில் நிறைய வைத்து மாமி, அதாவது மாமாவின் மனைவி, கட்டி முடித்தாள். மல்லியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் மாலைதான். மாமா அதை வாழை இலையில் ஏந்திக்கொண்டு போனார்.

அவர் திரும்பி வரும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தார்.

“என்ன மாமா?” என்றார் பாட்டனி சார்.

“தாயாருக்குச் சாத்தினா” என்றார் மாமா. பாட்டனி சார் ஒரு சொம்புத் தண்ணீரை இறைத்து அவர் கையில் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து, “அந்தக் கூடையை ஏன் வெயில்ல வச்சிண்டு நிக்கறீர்? ஒவ்வொரு ஆத்துக்கும் குடுத்துடும்” என்றார்.

கொடுத்தேன். சாயங்காலம் மொக்கெல்லாம் விரிந்தன. எட்டு வீட்டுப் பெண்களும் தலை நிறைய வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். தெருவில் நடந்தவர்கள் நின்று நின்று போனார்கள். நான் மட்டும் குற்றவாளியாக மூக்கைப் பிடித்துக்கொண்டு மாமா வீட்டுப் பக்கம் போனேன், இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று. மாமா இல்லை. கதவைத் திறந்த மாமி நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு தலையிலிருந்த பூவை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“எட்டு மாசமா தோட்டம் வச்சு எனக்குன்னு ஒரு முழம் பூ இன்னிக்குத்தான் கிடைச்சுது. இதைக் கொஞ்சம் முன்னாடியே மோந்திருக்கப்படாதோ?”