உதடு படாத கிண்ணம்

ஓராண்டுக் காலம் கொடிமுந்திரித் தேறலைச் சுவைத்து வந்தும், அதன் மணத்தை நான் ஒருமுறையேனும் நுகர்ந்ததில்லை. ஊரார் வைன் என்பதைத்தான் தேறல் என்கிறேன். என் குறிப்பேட்டில் அவ்வாறே எழுதி வந்தேன்.

அப்போது மணவாள நகரில் தனித்து வாழ்ந்தேன். மனைவி மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. திருவள்ளூர்ப் பள்ளியில் தமிழாசிரியப் பணி. மாலையில் பூட்டைத் திறந்தால், காலையில் மடித்து வைத்த நாளிதழ் அதே மடிப்போடு கிடக்கும். தமையனார் கோயில் கைங்கரியத்தில் இருந்தார். வெள்ளிதோறும் அவர் இல்லத்தில் உண்பேன். இலையைப் பார்த்தபடி இருவரும் உண்டு எழுவோம்.

தேர்வு மேற்பார்வைக்காகக் கவரைப்பேட்டைக்குச் சென்ற ஒருநாள், ஆசிரியர்களுக்குக் காப்பி கொண்டுவந்தவர் அருகிலிருந்த தொழிற்சாலையின் கேன்டீனை நடத்தியவர். பழவேற்காட்டு மீனவர் குடியில் பிறந்து, கப்பல்களில் உணவு பரிமாறி உலகைச் சுற்றி வந்தவர். "துவர்ப்பு சற்று மிகுதி" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"பத்து பேரு குடிச்சாங்க, ஒருத்தரும் சொல்லல. சிக்கரி இன்னிக்கு தூக்கல்தான். நாக்கு இருக்குது வாத்தியாரே உங்களுக்கு! ஞாயித்துக்கெழம நம்ம ஊட்டுக்கு வாங்க, ஒண்ணு காட்டறேன்."

மதுவிலக்குத் தளர்த்தப்பட்டிருந்த காலம் அது. நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்களிடம் சொல்லிவைத்து, கோவாவிலிருந்து அவர் தேறல் புட்டிகளை வரவழைத்திருந்தார். மாதந்தோறும் முதல் ஞாயிறன்று பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் அவர் வீட்டுக்குச் செல்லலானேன். கப்பலிலிருந்து கொண்டுவந்த, தண்டு வைத்த கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டே இரண்டு அவரிடம் இருந்தன. வெள்ளைத்தாள் விரித்து, அதன்மேல் கிண்ணத்தைச் சாய்த்து நிறம் காணக் கற்பித்தார். இரண்டு மிடறு, அதற்கு மேல் ஊற்றமாட்டார். நான் புளிப்பு, துவர்ப்பு, நாவின் ஓரத்தில் எஞ்சும் கைப்பு எனக் குறித்துக்கொள்வேன். அவரோ கிண்ணத்தை முகர்ந்து, "நாவப்பழம்... அப்புறம் மழயில நனஞ்ச படகுப் பாய்த்துணி" என்பார். அழகுக்காகச் சொல்கிறார் என்றே எண்ணியிருந்தேன்.

அந்த ஒரு முற்பகலுக்காகவே மாதத்தின் ஏனைய நாள்களை நான் கழித்தேன் என்று சொன்னால் அது மிகையன்று.

ஓராண்டு கழிந்த பின் ஒருநாள் ஒப்புக்கொண்டேன்: "எனக்கு எந்த மணமும் தெரியவில்லை."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எப்டி தெரியும்? மூக்கு கிளாசுக்குள்ள பூந்தாத்தானே? நீங்க இன்னாடான்னா கொழாயில தண்ணி புடிக்கிற மாரி மேல இருந்து ஊத்திக்கிறீங்க. பாதி சட்ட குடிக்குது வாத்தியாரே!"

உண்மைதான். எங்கள் குடும்பத்தில் எவரும் குவளையில் வாய் வைப்பதில்லை. தாய் தந்த பாலையும் அண்ணாந்தே பருகி வளர்ந்தவர்கள். தேறலையும் அவ்வாறே பருகினேன். அது பிழையென எனக்குத் தோன்றவேயில்லை.

"சும்மா வாய வெச்சிப் பாருங்க" என்று கிண்ணத்தை நீட்டினார். கையில் வாங்கினேன், உதடு வரை கொண்டுசென்றேன், நின்றுவிட்டேன்.

அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. "எங்க ஊட்டு கிளாசுன்றதாலயா?"

என் இல்லத்திலும் இப்படித்தான், மனைவி தந்த குவளையிலும் நான் வாய் வைத்ததில்லை என்று விளக்கியிருக்கலாம். நாற்பது பேருக்கு நாள்தோறும் சொல் விளக்கும் நான், "வழக்கம்" என்று மட்டும் சொன்னேன்.

"வழக்கமா? சரி சார்" என்றார்.

மறுமாதம் மேசைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணமே இருந்தது. அதனருகில் புத்தம்புதிய எவர்சில்வர் தம்ளர். "உங்களுக்குன்னு தனியா வாங்கி வெச்சேன் சார். ஊத்திக்க தோதா இருக்கும்." குரலில் சினம் இல்லை, விருந்தினரைப் பேணும் பணிவே இருந்தது. அதுவே என்னைச் சுட்டது. எவர்சில்வரில் நிறம் தெரியவில்லை. வெள்ளைத்தாளை அவர் விரிக்கவுமில்லை. நாவற்பழம் பற்றியும் பாய்த்துணி பற்றியும் ஒரு சொல் இல்லை. முற்பகல் முழுவதும் வானிலை பேசினோம்.

அம்மாதம் முழுவதும் வீட்டில் பழகினேன். கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்க் குவளையின் விளிம்பில் உதட்டை வைப்பேன். முதல் சில நாள்கள் உடனே வாய் கொப்பளித்தேன். பின்னர்க் காப்பியில் முயன்றேன். ஐம்பது கடந்த ஒருவன் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொண்டிருப்பதைக் கண்டு நகைக்கவும் அவ்வீட்டில் ஒருவருமில்லை.

அடுத்த மாத முதல் ஞாயிறு வருவதற்குள் மதுவிலக்கு மீண்டும் வந்துவிட்டது. ஆயினும் பேருந்து ஏறினேன். அவர் வாயிலில் நின்று, "ஒண்ணுமே இல்லியே சார். மிச்சம் இருந்தத போன வாரமே முடிச்சிட்டேன். இன்னாத்துக்கு அலயறீங்க?" என்றார்.

"தண்ணீர் இருக்குமல்லவா?" என்று உள்ளே சென்றேன்.

அவர் கடைசியாகக் குடித்த கிண்ணம் மேசைமேலேயே கிடந்தது. அடியில் செந்நிறக் கறை உலர்ந்திருந்தது; விளிம்பில் அவர் உதட்டின் தடம். பக்கத்தில் என் தம்ளர் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் கிண்ணத்தை எடுத்தேன்.

"ஐயய்யோ, அது கழுவல வாத்தியாரே... எச்சி!"

பானைத் தண்ணீரைச் சிறிது ஊற்றிச் சுழற்றினேன். மூக்கு உள்ளே செல்லுமாறு விளிம்பில் உதட்டை வைத்துப் பருகினேன். நாவற்பழம் தெளிவாகத் தெரிந்தது. அதன் பின்னால், மிக மெலிதாக, நனைந்த துணி.

"பாய்த்துணியும் இருக்கிறது" என்றேன்.

அவர் அத்தம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் சென்றார். திரும்பியபோது அவர் கையில் மற்றொரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. பானையிலிருந்து தமக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு எதிரே அமர்ந்தார்.