சாமி அலமாரியும் சுவர்க்கட்டிலும்

“பெத்த மகள் ஹோட்டல்ல படுக்கிறா. நான் யாருக்குச் சோறாக்குறது லா?”

தினமும் துணி காயப்போடும்போது ரமணி அக்கா இதைச் சொல்லுவார். நான் பக்கத்து வீடு. காதை மூட வழியில்லை.

கணவர் துறைமுக வேலையில் ஓய்வு பெற்றதும், செபராங் ஜெயா மாடி வீட்டை விற்றுவிட்டு ஜார்ஜ் டவுனில் இந்த இரண்டு அறை அடுக்குமாடிக்கு வந்தார்கள். இரண்டாவது அறையில் சாமி பாதி, அண்டா பாதி. கோலாலம்பூரிலிருந்து மகள் பிரஷாந்தி வந்தால் எங்கே படுப்பாள்?

ஆகவே அக்காவே எஞ்சினியர் ஆனார். செய்தித்தாளைக் கட்டில் அளவுக்கு வெட்டித் தரையில் விரித்து, கணவரை அதன்மேல் படுக்க வைத்து அளந்தார். பகலில் பூஜை அறை, ராத்திரி மகள் அறை. சுவரோடு மடக்கிவிடும் கட்டில், சாமிக்குக் கதவு போட்ட அலமாரி, சமையலறையில் அண்டாக்களுக்குக் கூரை வரை அலமாரி.

தச்சர் வாசு கட்டிலுக்கு வடக்குச் சுவரைக் குறித்தார்.

“வடக்கே தலை வெச்சா மாப்ள என்னா நெனைப்பாரு? கெழக்கே மாத்து தம்பி.”

“அக்கா, எதிர்க்கவே சாமி...”

“நீ ஆணிய அடி.”

பள்ளி விடுமுறைக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். கட்டிலை இறக்கினார்கள். கால்பக்கம் நேராகப் போய்ச் சாமி அலமாரியில் முட்டி நின்றது. அலமாரிக் கதவும் திறக்கவில்லை.

“முருகன ஒதைச்சுக்கிட்டு எப்படித் தூங்குறது, அத்தை?” என்றார் மருமகன் தயாளன்.

பிரஷாந்தி போனை எடுத்தாள். “பரவால்லமா, ஹோட்டலுக்கே போயிடுறோம்.”

அக்கா சமையலறைக்குப் போய், நூறு பேருக்குச் சோறாக்கும் அண்டா மூன்றையும் இறக்கினார். அவற்றைக் கொடுத்துவிடச் சொல்லி இரண்டு வருஷமாக நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

“கோயில்ல குடுத்துட்டு வாங்க,” என்றார் கணவரிடம்.

அண்டா இருந்த அலமாரித் தட்டைக் கழுவித் துடைத்து, முருகனை அங்கே குடியேற்றி விளக்கேற்றினார். “இப்ப நல்லா காலை நீட்டுங்க மாப்ள!”

நான்கு ராத்திரி தங்கினார்கள். மாப்பிள்ளையின் குறட்டை என் வீடு வரை கேட்டது. அக்காவுக்கு அதில் என்ன பெருமை!

சின்ன வீட்டுக்கு மாறப் போகிறவர்கள், மரச்சாமான் கடையில் மாதிரிப் படங்களைப் பார்க்குமுன் ரமணி அக்காவைப் போய்ப் பாருங்கள். கட்டிலை நீங்களே இறக்கிப் பார்க்கலாம். விடுமுறையில் மட்டும் வேண்டாம், ஆள் படுத்திருக்கும்.