மேளம் அடித்தால்தான் நடப்பான் எங்கள் ஜமீன்

நேற்று ஒரகடத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை குதிரையில் வந்தார்!

எல்லோரும் மாப்பிள்ளையை ஃபோட்டோ எடுத்தார்கள். நான் குதிரையை எடுத்தேன்.

(மாப்பிள்ளை வீட்டார் மன்னிக்கவும். என் ஃபோட்டோவில் உங்கள் பையன் முழங்கால் வரைக்கும்தான் விழுந்திருக்கிறார்.)

அப்போதிலிருந்து எங்கள் ஜமீன் ஞாபகம். எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளில் ஒரு வருடம். எனக்குப் பதினைந்து வயது. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா செங்கல் சூளையில் மேஸ்திரி.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். மண்டையில் ஏறாமல் இல்லை. ஒன்பதாவதுக்கு பஸ்ஸில் போக வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர், "எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்டால் எனக்கு வாயே வராது! ஊர்ப் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டே வாலாஜாபாத் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் மனம்விட்டுப் பேசிய ஒரே ஆள் ஜமீன்.

ஜமீன், அப்பா சூளைக்குப் போய்வர வாங்கிய மட்டக்குதிரை. பழுப்பு நிறம், தொங்கின வயிறு. நடை மட்டும் ஏழு தலைமுறைப் பணக்காரன் மாதிரி. அதனால்தான் அந்தப் பெயர்.

சல்லிசாகக் கிடைத்தான் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஏன் சல்லிசு என்று பிறகுதான் தெரிந்தது!

காஞ்சிபுரத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்த குதிரை அவன். வாழ்நாள் முழுக்க மேளத்துக்குப் பின்னால் நடந்தவன். கொஞ்ச தூரம் நடப்பான், நிற்பான். நாதஸ்வரக்காரர் ஒரு பாட்டை முடிக்கிற நேரம் அசையாமல் நிற்பான். அப்புறம் கொஞ்ச தூரம்.

அப்பா தினமும் வேலைக்கு லேட்.

சூளை முதலாளி ஒருநாள் கத்தியேவிட்டார். "இன்னா மேஸ்திரி! நடந்து வர்றவன் எல்லாம் எனக்கு முன்னாடி வந்து கல்லு அறுத்துக்கினு கீறான். குதிர மேல வர்ற நீ எங்கய்யா போன?"

அவ்வளவுதான். ஜமீனை வாலாஜாபாத் சந்தையில் விற்றுவிட்டு சைக்கிள் வாங்குவதாக முடிவாயிற்று.

அப்பாவிடம் விற்க வேண்டாம் என்று சொல்லலாம். சொல்ல வாய் வேண்டுமே!

சந்தை நாள். நான் கூட வந்தால்தான் அவன் கொஞ்சமாவது நகர்வான் என்று அப்பா என்னையும் அழைத்துப் போனார். ஊர் தாண்டியதும், "கடசியா ஒருக்கா ஏறிக்கோ கண்ணு" என்றார். தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்தேன்.

பாதி வழியில் அப்பா பீடி வாங்கக் கடைக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து எங்கோ மேளச் சத்தம்!

ஜமீனின் காது இரண்டும் நிமிர்ந்தன. சட்டென்று ரோட்டை விட்டு இறங்கினான். நான் கயிற்றை இழுக்கிறேன், கெஞ்சுகிறேன், அவன் கேட்பதாக இல்லை. நேராக வாழைமரம் கட்டிய ஒரு வீட்டுக்குப் போய், பந்தல் வாசலில் கம்பீரமாக நின்றுவிட்டான்.

உள்ளே இருந்து ஒரு குரல். "மாப்ள கார விட்டுட்டு குதிர மேல வந்துட்டாருடி! ஆரத்தி எடுத்தா!"

நாலைந்து பெண்கள் தட்டோடு ஓடி வந்தார்கள். அதில் ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அடியே, மாப்ள பாவாட கட்டிக்கினு கீறாரு!" என்றார்.

(பூமி பிளக்கவில்லை. நான் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.)

உண்மையான மாப்பிள்ளையின் கார் ஏரிக்கரைச் சேற்றில் மாட்டிக்கொண்டிருந்ததாம். முகூர்த்தம் முடியப் போகிறது. பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க வந்து சேர்ந்த எங்கள் அப்பாவிடம், "இந்தக் குதிரய அனுப்பு நைனா, புண்ணியமாப் போவும்" என்றார்.

அப்பா, "தாராளமா! ஆனா மேளக்காரங்களும் கூட வரணும்" என்றார்.

மேளம் முன்னே, ஜமீன் பின்னே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். ஏரிக்கரை போய் மாப்பிள்ளையை ஏற்றினோம். திரும்பும்போது ஜமீன் வழக்கம்போல நின்று நின்று ஊர்வலம் விட ஆரம்பித்தான்.

"ஜல்தியா அடிங்கய்யா!" என்று மாப்பிள்ளை மேலே இருந்து அலறினார்.

தவில்காரர் கெட்டிமேளத்தைப் பிடித்தார். ஜமீன் ஓடினான்! எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் ஓட்டம்! நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டே ஓடியதை இன்று யாராவது வீடியோ எடுத்திருந்தால் வைரல்.

நேரத்துக்குத் தாலி ஏறியது. சந்தையும் இந்நேரம் கலைந்திருக்கும் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன்.

அப்போதுதான் பெண்ணின் அப்பா வந்தார். சந்தைக்குக் கிளம்பிய கதையை அப்பா அவரிடம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. "இவ்ளோ நல்ல குதிரய சந்தைல ஏன் விக்கணும்? நானே வாங்கிக்கறேன். கழனிக்குப் போய்வர ஆவும்."

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. கயிற்றை என் கையிலிருந்து வாங்கி அவரிடம் நீட்டினார்.

"குடுக்க மாட்டோம்!"

யார் சொன்னது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆரம்பித்தாகிவிட்டது, நிற்கவில்லை. "பெரீப்பா, இவன் மேளம் இல்லாம நடக்க மாட்டான்! தெனம் தவிலு வச்சிக்கினா கழனிக்குப் போவீங்க? தண்ணி பாய்ச்ச எப்போ போயி எப்போ வருவீங்க? வழில வாழமரம் கட்டின வூடு இருந்தா உள்ள பூந்துடுவான். அப்பறம் ஆரத்தி எடுக்காம வெளிய வரமாட்டான்! எங்க அப்பாவ முதலாளி திட்டாத நாளில்ல. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? எங்களுக்குப் பழகிடுச்சி!"

பந்தலே சிரித்தது. பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம் தாயே! நீயே வச்சிக்கோ" என்றார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கயிற்றைத் திரும்ப என் கையில் கொடுத்தார்.

"வா கண்ணு, வூட்டுக்குப் போலாம். சைக்கிளு கெடக்கட்டும்."

வழியில் கேட்டார், "ஏம்மா, உனக்கு இவ்ளோ பேச வருமா?"

நான் பதிலே சொல்லவில்லை.

(அன்றைய ஸ்டாக் தீர்ந்துவிட்டது!)