கானான் நகரில் ஒரு நீண்ட ஜெபம்

சகலமான சபையாருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நம் ஆலயத்து மைக், சென்ற ஞாயிறு காலை ஆராதனையில் ஒருமுறைகூடக் கூவவில்லை. ஒவ்வொரு வாரமும் வேதபாடத்துக்கு முன் 'கீ' என்று கத்தி, முன்வரிசைக் கைக்குழந்தைகளையும் பின்வரிசை வாலிபர் ஐக்கியத்தையும் ஒரே நேரத்தில் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் அந்த மைக், அன்று பெட்டிப் பாம்பாக இருந்தது. இது குறித்து விசாரணைக் குழு எதுவும் அமைக்கப்படவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். மைக்கை உதட்டோடு ஒட்டவைத்துப் பேசுகிற ஒரே மனிதர் இப்போது நம்மோடு இல்லை.

ஆசீர்வாதம் மாமா இறந்துவிட்ட செய்தி செவ்வாய்க்கிழமை காலை அம்மாவின் போனுக்கு வந்தது. மாரடைப்பு. அம்மா அழுதுகொண்டே, எங்கள் வாலிபர் குழுவில் போடச் சொன்னார். போட்டேன். ஒரே நிமிடத்தில் ஏழு பேர் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. சபைச் சுற்றுலா இந்த முறை கோவாவுக்கு என்று போதகர் பெயரில் அறிவிப்புப் போட்டவன் நான். கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்துக்கு உடல் எடைப் பரிசோதனை என்று சொல்லி நான்கு பெரியவர்களை வரிசையில் நிற்க வைத்தவனும் நான். செவ்வாய்க்கிழமை 'நிஜமாத்தான்' என்று நான்கு முறை எழுத வேண்டியிருந்தது. நான்காவது முறை எழுதும்போதுதான் எனக்கே அது நிஜம் என்று உறைத்தது.

அவர் எனக்கு உறவுமுறையில் மாமா இல்லை. ராசிபுரத்தில் பாதிப் பேருக்கு அவர் மாமாதான். வாரத்தில் ஆறு நாள் ஒலிபெருக்கி கட்டிய வேனில் உட்கார்ந்து, துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நெய்க்கடைக்கும் விளம்பரம் சொல்லிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். ஏழாம் நாள் அதே குரலில் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பார். இரண்டு கற்பலகைகள் என்று அவர் வாசித்தபோது, ஒரு பலகை வாங்கினால் இன்னொன்று இலவசம் என்றே என் காதில் விழுந்தது. ஆராதனை முடிவில் போதகர் 'ஆசீர்வாதம்' என்று சொல்லும்போது, இவரைத்தானே கூப்பிடுகிறார், எல்லோரும் ஏன் எழுந்து நிற்கிறோம் என்று ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன்.

விளம்பரக்காரர்களில் அவர் தனி ரகம். 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற வரியை மற்றவர்கள் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி சொல்வார்கள். மாமா நின்று நிதானமாக, என்னென்ன நிபந்தனை என்று ஒவ்வொன்றாக விளக்குவார். ஒரு துணிக்கடை முதலாளி இதற்காக வேனை நடுவீதியில் மறித்துச் சண்டை போட்டார். மாமா அசையவில்லை. "சின்ன எழுத்துல போட்டதைப் பெரிய வாயால சொல்லோணுமுங்க, எனக்கு அப்பிடித்தான் வருது" என்றார். எங்களிடம் வேறு மாதிரி சொல்வார்: "தள்ளுபடின்னா என்ன தெரியுமா சாமி? தள்ளி நின்னு படின்னு அர்த்தம்."

ஒருமுறை அவர் விளம்பரம் பதிந்து வைத்திருந்த பென் டிரைவை மாற்றி வைத்தேன். ஆடித் தள்ளுபடி வேன் கடைவீதியில் நுழைந்ததும், சேலைக்குப் பதிலாக, முந்தின ஞாயிறு அவர் வாசித்த வேதபாடம் முழங்கியது. மனந்திரும்புங்கள் என்ற பகுதி. துணி எடுக்க வந்தவர்களில் சிலர் உண்மையிலேயே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அடி விழும் என்று ஒளிந்திருந்தேன். அவர் என்னைக் கண்டுபிடித்து, "சேலைக்கு ரெண்டு பேர் நிப்பாங்க. இன்னைக்கு நாலு பேர் நின்னு கேட்டாங்க" என்று கணக்குச் சொல்லிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். குறும்பு செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

இனி கானான் நகருக்கு வருகிறேன். நீங்கள் பலர் அந்தப் பேருந்தில் இருந்தவர்கள்தான். இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மனை விற்பனைக்காரர் மாமாவைத் தேடி வந்தார். நாமக்கல் போகும் வழியில், பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வீட்டுமனை போட்டிருந்தார்கள். நம் சபையை மனதில் வைத்து, வேதத்தில் ஆண்டவர் வாக்களித்த தேசத்தின் பெயரால், கானான் நகர் என்று பெயர். பக்கத்து ஊர்க்காரர்களிடம் அதே நிலத்தை வேறு பெயரில் விற்றார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பேருந்து இலவசம், மதியம் பிரியாணி இலவசம், முன்பணம் கட்டினால் அங்கேயே ஒரு வெள்ளிக் காசு இலவசம். மாமாவுக்குத் தனிப் பேச்சு. பத்துக் குடும்பம் முன்பணம் கட்டிவிட்டால், கார்னர் மனை அவருக்கு.

கார்னர் மனை என்றதும் எஸ்தர் அத்தை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டுப் படம் வரைந்துவிட்டார். கிழக்குப் பார்த்த ஜன்னல், சமையலறைக்குள் தொட்டி, வாசலில் முருங்கை. இருபத்து நாலு வருடத்தில் ஏழு வாடகை வீடு மாறியவர். ஒவ்வொரு வீட்டிலும் ஆணி அடிக்க அனுமதி கேட்டவர். மனை கேட்டது மனைவி, மாமா மறுக்கவில்லை. அவருக்கும் ஆசை இருந்தது. மூன்று வாரம் வேனில் கானான் நகரைக் கூவினார். போதகர் அனுமதியோடு ஆலய அறிவிப்பிலும் சொன்னார். அவர் சொன்னார் என்பதற்காகவே பதினோரு குடும்பம் புறப்பட்டது. பிரியாணிக்காக வாலிபர் ஐக்கியமும் புறப்பட்டது.

இடத்தில் இறங்கியதும் எல்லோரும் கொடி கட்டிய பந்தலுக்குப் போனார்கள். மாமா மட்டும் எதிர்ப்பக்கம் போனார். இரட்டைப் பாறை ஒன்று இருந்தது. அதன் அடியில் துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று தரைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. வாய்மேல் ஒரு கல். மாமா அந்தக் கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் வைத்தார். நான் அவருக்குக் குடிதண்ணீர் கொண்டு போனேன். "இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். டேங்கர் லாரியில் வந்தது என்றேன். அவர் அதைக் குடிக்கவில்லை.

வேன் வேலைக்கு வருமுன் அவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவர் என்பது அன்று என் நினைவில் இல்லை. இருந்திருந்தால் அவர் முகத்தைப் புரிந்துகொண்டிருப்பேன்.

பிரியாணி தயார் என்றதும் மனை விற்பனை மேனேஜர் மைக்கைக் கொண்டுவந்து மாமாவிடம் நீட்டினார். சபைக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் சாப்பாடு, சாப்பாடு முடிந்ததும் முன்பணம் என்பது அவருடைய திட்டம். எல்லோரும் எழுந்து கண்களை மூடினார்கள். மேனேஜரும் நம்மைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்.

மாமா வழக்கம்போல மைக்கை உதட்டில் ஒட்டவைத்தார். அது வழக்கம்போலக் கத்தியது. சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம், சமைத்த கைகளுக்காக ஸ்தோத்திரம், வந்த பேருந்துக்காக ஸ்தோத்திரம் என்றார். பிறகு வேனில் கேட்காத, வேதபாடத்திலும் கேட்காத ஒரு சின்னக் குரல் வந்தது.

"ஆண்டவரே, உமக்கே தெரியும். இருபது வருஷத்துக்கு முந்தி இந்த எடத்துல நான் மூணு போர் போட்டேன். ஆயிரம் அடி போயும் புழுதிதான் வந்துச்சு. தோட்டத்துக்காரரு அந்தப் பாறைகிட்ட உட்கார்ந்து அழுததை நீரும் பாத்தீர், நானும் பாத்தேன். இங்க வந்து எறங்கற வரைக்கும் இதுதான் அந்த எடம்னு எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு மனை சும்மா வருதாம். சும்மா இல்லீங்க ஆண்டவரே. இந்த சனமெல்லாம் ஆயுசுக்கும் கொடத்தைத் தூக்கிட்டு நடக்கறதுதான் அதோட வெலை. எனக்கு ஆசை இருக்குது. எஸ்தருக்கும் இருக்குது. கண்ணைத் தொறந்துட்டு இதைச் சொல்ல எனக்கு தெம்பு இல்ல. அதனால மூடிக்கிட்டுச் சொல்றேன்."

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜெபத்தின் நடுவில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. வீடு தீப்பிடித்தாலும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் எடுப்போம். இது தெரியாத மேனேஜர், தெரிந்த மாதிரியே பொறுமையாக நின்றார். ஜெபம் போகும் திசை புரிந்ததும் மாமாவின் காதருகே வந்து, "சார், முடிங்க சார்" என்று கெஞ்சினார். மைக் அதையும் ஊருக்கு அறிவித்தது. மாமாவின் குரல் தடுமாறியது. "ஒருவேளை இப்ப தண்ணி வருதோ என்னமோ..." என்று இழுத்தார். அந்த வாக்கியம் முடிந்திருந்தால் பதினோரு குடும்பத்துக்கும் அதுவே போதுமானதாக இருந்திருக்கும். நாமெல்லாம் நம்ப ஆசைப்பட்டுக்கொண்டுதான் நின்றோம்.

அப்போதுதான் பந்தலின் பின்பக்கத்திலிருந்து ஒரு 'ஆமென்' வந்தது. வரலாற்றுச் சிறப்புமிக்க ஆமென். அதைத் தொடர்ந்து பதினோரு குடும்பமும் ஆமென் என்றது. கண்கள் திறந்தன. ஜெபம் முடிந்துவிட்டது. முடிந்த ஜெபத்தைத் திருத்தி எழுத முடியாது. முன்பணம் கட்ட ஒருவரும் மேசைப்பக்கம் போகவில்லை. அந்த ஆமென் யாருடையது என்பது இந்தச் சபை அறியும். அடியேனுடையது.

சமையல்காரர் நல்லவர். செய்த சோற்றை வீணாக்க முடியாது என்று எல்லோருக்கும் பரிமாறினார். திரும்பிப் போகும் பேருந்து மட்டும் இலவசத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிரதான சாலை வரை வெயிலில் நடந்தோம். பாலும் தேனும் ஓடும் கானானில் தண்ணீர் மட்டும் ஓடாது, அது கானல் நகர் என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தர் அத்தை மட்டும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் மாமாவிடம் கேட்டார். "ஏனுங்க, தண்ணியில்லாத ஊட்டைக் கட்டி, மழை பேஞ்சாத்தான் குளிக்கறதுங்களா? இப்ப இருக்கற ஊட்ல மோட்டார் போட்டா தண்ணி வருது." மாமா தலையைக் குனிந்துகொண்டு, "உனக்கு ஊடு போச்சே" என்றார். அத்தை பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தார். இன்னும் சிறியதாக மடித்து, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். "வேற எடத்துக்கு ஆகுமுங்க."

வேறு இடம் கடைசிவரை அமையவில்லை. மனைக்காரர் சொல்லி, மூன்று மாதம் எந்தக் கடையும் மாமாவைக் கூப்பிடவில்லை. நான்காம் மாதம் ஒரு பாத்திரக்கடைக்காரர், "நீங்க சொன்னா சனம் நம்புதுங்க" என்று தேடி வந்தார். செவ்வாய்க்கிழமை அவரை எடுத்ததும் வாடகை வீட்டிலிருந்துதான். அந்த வீட்டு வாசல் கொள்ளாமல் கூட்டம். பதினோரு குடும்பமும் இருந்தது.

மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பெயர். அன்றிலிருந்து அவர் என்னை 'ஆமென்' என்றுதான் கூப்பிட்டார். வீட்டுக்குப் போனால், "எஸ்தர், ஆமென் வந்திருக்கான், தட்டை எடு" என்பார். அந்தப் பையன் துணிந்து ஆமென் சொல்லியிருக்காவிட்டால் அன்று நான் பின்வாங்கியிருப்பேன் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்வார். போதகர் பிரசங்கத்தில் என் தைரியத்தைச் சொன்னார். அம்மா என் கணக்கு மார்க்கையே மன்னித்தார். இரண்டு வருடம் அந்தப் புகழில் குளித்தேன்.

மாமா, உங்களிடம் சொல்லப் பலமுறை வந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இப்போது சபையார் முன்னிலையில் சொல்கிறேன். உங்கள் ஜெபத்தில் ஸ்தோத்திரத்துக்குப் பிறகு ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை. மேலே எழுதியதெல்லாம் பிறகு அம்மா சொன்னது. நான் அண்டாவுக்குப் பக்கத்தில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். சமையல்காரர் மூடியைத் திறந்துவிட்டார். காலையில் வேறு, பிரியாணிக்கு இடம் வேண்டும் என்று பட்டினி. யாராவது ஆமென் சொன்னால்தான் இந்த மனிதர் நிறுத்துவார் என்று தோன்றியது. சொன்னேன். அது தைரியம் இல்லை மாமா, பசி.