லில்லி தைத்த மரப்பாவாடை

லில்லிக்கு மூக்கு பொல்லாதது. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் நானும் அவளும் பதினாறு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காய் பிரித்தோம். பூசணம் பிடித்த காய் நாலு கிடந்தாலும், சாக்கை அவிழ்க்கும்போதே முகத்தைச் சுளிப்பாள். முதலாளியே அவளைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வார். பிறகு முதுகுவலி வந்து வேலையை விட்டாள். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுக்கொண்டாள்.

அப்படிப்பட்டவள்தான் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரை இரண்டு வருடம் பார்த்தாள். கணவர் சௌந்தரபாண்டியனுக்கு மலையில் எஸ்டேட் வேலை. சனிக்கிழமை ஜீப்பில் இறங்கினால் திங்கட்கிழமை ஏறிவிடுவார். கொழுந்தன் ஜெபகுமார் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். வாசலில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா எப்படி இருக்காரு மதினி?" என்று கேட்டுவிட்டுப் போவார். முதுகுப் புண்ணைக் கழுவியது, மருந்து போட்டது, பீத்துணி அலசியது எல்லாம் லில்லி. ஒவ்வொரு தடவையும் கொல்லையில் போய் வாந்தி எடுப்பாள். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் உள்ளே போவாள். என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

போன மார்ச்சில் பெரியவர் ஆண்டவரிடம் போனார். அடக்கம் முடிந்த மறுநாள், அவர் கிடந்த மெத்தையை லில்லி கொழுந்தனிடம் கொடுத்து, "தம்பி, இதை ஆத்தங்கரையில வச்சுக் கொளுத்திருங்க" என்றாள். கொளுத்திவிட்டேன் என்று அவரும் வந்து சொன்னார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் கடைசியாகப் பிறந்த பிள்ளையை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்கால ஆராதனையில், மரத்தடியில் படுக்க வைத்து முதல் பாட்டைப் பாடுவோம். மரம் என்றால் குரங்கணிப் பக்கமிருந்து ஜீப்பில் வருகிற சவுக்குதான். சிமெண்டு ஊற்றிய பெயிண்ட் வாளியில் நிற்கும். இந்த வருடம் எங்கள் சபைப் பெண் ஸ்வீட்டியின் பிள்ளை. நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. வாளியும் மறைய வேண்டும், பிள்ளைக்கும் மெத்தென்று இருக்க வேண்டும், மரத்தைச் சுற்றிப் பஞ்சு வைத்துத் தைத்த வட்ட விரிப்பு போடலாம் என்று பாதிரியாரின் மனைவி ஐயரம்மா போனில் படம் காட்டினார். அதற்கு மரப்பாவாடை என்று பேராம்.

"மரத்துக்குப் பாவாடையா? அப்ப ஜாக்கெட்டு யாரு தைக்கிறது?" என்று கேட்டேன்.

"மொதல்ல ஒங்க வாயைத் தைக்கிறேன்க்கா, பொறுங்க" என்றாள் லில்லி.

சிரித்தாளே தவிர, அவளுக்கு அது சின்ன விஷயமில்லை. "இத்தனை வருசமா ஆலயத்தக் கூட்டித் தொடைக்கிறதுதான் என் சோலி. பலிபீடத்துக்கு முன்னால நான் செஞ்சது ஒண்ணு கெடக்கப் போகுதுக்கா" என்றாள்.

பஞ்சு தன்னுடைய காணிக்கை என்று ஜெபகுமார் சபையில் எழுந்து நின்று சொன்னார். மறுநாளே ஒரு சாக்கு இலவம் பஞ்சு வந்து இறங்கியது. மரத்திலிருந்து வந்த புதுப் பஞ்சில் மிளகு மாதிரிக் கொட்டை கிடக்கும். அதைப் பொறுக்கவே ஒரு நாள் ஆகும். இதில் ஒரு கொட்டைகூட இல்லை. நன்றாகக் காய்ந்திருந்ததால் வாடையும் தெரியவில்லை. "சுத்தமா அடிச்சுக் குடுத்திருக்காரு" என்று லில்லி சந்தோஷப்பட்டாள். பழைய மெத்தையைப் பிரித்து மிஷினில் அடித்த பஞ்சிலும் கொட்டை இருக்காதே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இலவம் பஞ்சு வியாபாரம் நடக்கிற ஊரில் பிறந்தும் ஏமாந்தோம்.

ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு தைத்தாள். மேலே சிவப்பு, அடியில் வெள்ளை, நடுவில் பஞ்சு. நடுவில் மரத்துக்கு ஓட்டை, ஒரு பக்கம் பிளந்து கட்டுவதற்கு நாடா. பஞ்சு ஒதுங்காமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தையல். ஒன்பது நாள் ஆனது. அழகு என்றால் அத்தனை அழகு.

இருபத்து மூன்றாம் தேதி காலையில் நான் போயிருந்தபோது, மூக்குத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, விரிப்பின் மேல் தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். ஆவி எழுந்தது. லில்லி பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். குமட்டுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்து, "மோந்து பாருங்கக்கா" என்றாள்.

குனிந்தேன். புண்ணுக்குப் போடுகிற மருந்து, சீழ், மூத்திரம், எல்லாம் சூடாகக் கிளம்பி வந்தது. லில்லி ஒரு கட்டத்தைப் பிரித்தாள். ஈரம் பட்ட பஞ்சு மஞ்சளாகத் திரண்டு கிடந்தது. அதற்குள்ளே சுருண்ட பிளாஸ்திரித் துண்டு ஒன்று, ரெண்டு நரைமுடியோடு.

"இது நான் ஒட்டினது" என்றாள்.

போன் போட்டதும் ஜெபகுமார் வந்தார்.

"தம்பி, மெத்தையக் கொளுத்துனீங்களா?"

அவர் விரிப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்ல பஞ்சு மதினி. கொளுத்த மனசு வரலை. மிஷினுல குடுத்து அடிச்சு, வெயில்ல போட்டுத்தான வச்சிருந்தேன்."

"கைப்பிள்ளை படுக்கிறதுக்கா?"

"சென்ட்டை அடிச்சு விடுங்க. அஞ்சு நிமிசச் சோலி. ஏசப்பாவே மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருதான?"

"அந்த மாடு பொய் சொல்லலை தம்பி."

"ரெண்டு வருசம் நீங்க தொட்ட நாத்தந்தான மதினி? இப்ப மட்டும் என்ன புதுசா?"

"மாமாவுக்குப் புண்ணு நாறுச்சு. கழுவுனேன். இன்னிக்கு நாறுறது அவரு இல்ல."

ஜெபகுமார் என் பக்கம் திரும்பி, "யக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

லில்லி விரிப்பைச் சுருட்டி, மிச்சப் பஞ்சோடு சாக்கில் திணித்து, அவர் காலடியில் வைத்தாள். "இப்பவாச்சும் ஒங்க கையால தூக்கிட்டுப் போங்க. வெரசா." அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் தூக்கி வண்டியில் கட்டினார்.

"பண்டிகை முடியட்டும் லில்லி, வெளியே சொல்ல வேண்டாம். குடும்பத்துக்குத்தான் அசிங்கம்" என்று நான்தான் சொன்னேன். சமாதானம் நல்லது என்று நினைத்துவிட்டேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

மறுநாள் சாயங்காலம் மரம் மொட்டை வாளியில் நின்றது. ஸ்வீட்டி பிள்ளையை மடியிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"பஞ்சு குடுத்தும் லில்லி தச்சு முடிக்கலையாம்ல."

"ஜெபகுமாரு மனசொடிஞ்சு சொல்றாரு, பாவம்."

லில்லியின் காதிலும் அது விழுந்தது. பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாள்.

ஆராதனை முடிந்து ஜெபகுமார் கேக்குத் தட்டோடு வரிசையாக வந்தார். ஆளுக்கு ஒரு துண்டை அவரே எடுத்துக் கையில் வைத்தார். "எடுங்க மதினி, பண்டிகையும் அதுவுமா."

"வேணாம் தம்பி."

"என்ன லில்லி, அவர் நீட்டுறாரு, வாங்கலையா?" என்றார் ஐயரம்மா.

லில்லி குரலை உயர்த்தவில்லை. "இவர மன்னிச்சிட்டேன் அம்மா, காலையில ஜெபத்துல சொல்லிட்டேன். ஆனா எங்க மாமா செத்த மெத்தையப் பிரிச்சு, இந்தப் பிள்ளை படுக்கப் பஞ்சுன்னு குடுத்த கை அது. அந்தக் கையால வாங்கித் திங்க என் வயிறு ஒப்பல."

ஸ்வீட்டி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, வாயிலிருந்த கேக்கை உள்ளங்கையில் துப்பினாள். பின்னால் பேசின பெண்கள் தங்கள் துண்டுகளைத் தட்டில் திருப்பி வைத்தார்கள். நானும் வைத்தேன்.