மிஷினுக்குப் போட்ட ஏசி

திண்டிவனத்தில் என் வீட்டு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்க வந்தவர் நேற்று தின்னர் டப்பாவைத் திறந்தார். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். நான் மட்டும் அங்கேயே நின்று முகர்ந்துகொண்டிருந்தேன். அந்த வாடைக்கும், எங்கள் லேபில் தண்ணீரிலிருந்து பூச்சிமருந்தைப் பிரித்தெடுக்க ஊற்றிய ஹெக்சேனுக்கும் ஏதோ பங்காளி உறவு.

விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த புதிது. அங்கே அரசாங்கத் தண்ணீர் லேபில் வேலை, தினமும் பஸ். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த திமிரில் வெள்ளைக் கோட்டை பஸ்ஸிலேயே மாட்டிக்கொண்டு போவேன். ஒருநாள் கூட்டேரிப்பட்டில் ஏறிய பெரியவர் என்னை டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டிக் காட்டினார். அதோடு கோட்டு பைக்குள் போய்விட்டது.

அப்போதுதான் லேபுக்கு அந்த மிஷின் வந்தது. ஏரித் தண்ணீரில் துளியூண்டு பூச்சிமருந்து கலந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடுமாம். மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். மிஷினுக்குச் சூடு ஆகாது என்று அறைக்கு ஏசி போட்டார்கள். மிஷின் ஓடுவதற்கான கேஸ் சிலிண்டர் மட்டும் வரவேயில்லை. ஏசியை வீணாக்குவானேன் என்று எங்கள் ஆபீசர் மதியம் சாப்பிட்டதும் அங்கே போய்க் காலை நீட்டிவிடுவார். ஆயுத பூஜையன்று மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. அந்த மரியாதையில் ஒரு குறையும் வைத்ததில்லை, புண்ணியவான்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா வந்தார். காணைப் பக்கம் கரும்பு வெட்டுகிற பெண். வயலுக்கு மருந்து அடிப்பவர்கள் ஸ்ப்ரேயரை ஏரியில்தான் கழுவுகிறார்களாம். காலனி ஜனம் மொத்தமும் குடிப்பது அந்த ஏரிக்குள் தோண்டிய ஊற்றில். ஆடுகள் செத்துவிட்டன, அவர் கணவருக்கும் சோறு இறங்கவில்லை. தண்ணீரில் மருந்து இருப்பதாக லேபிலிருந்து பேப்பர் கொண்டுவந்தால் பைப் போட்டுத் தருகிறோம் என்று பஞ்சாயத்து ஆபீசில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தண்ணீரும் கையோடு கொண்டுவந்திருந்தார். எதில்? நன்றாகக் கழுவிய பூச்சிமருந்து பாட்டிலில்!

"மூடி டைட்டா இருக்கறது அது ஒண்ணுதாங்க," என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டு, சுத்தமான கண்ணாடி பாட்டிலைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாளே அதை நிறைத்து, ஈரத்துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துவிட்டார். ஹெக்சேன் ஊற்றிக் குலுக்கிப் பிரித்துச் சின்னக் குப்பியில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன், ஆபீசரின் மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில்.

சிலிண்டர் வரவில்லை. ஆனால் மனு நிலுவையில் நிற்கக் கூடாதே! ஒரு மதியம் ஏசி அறையிலிருந்து எழுந்து வந்த ஆபீசர், கொட்டாவி விட்டபடியே 'பூச்சிமருந்து இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மிஷினை ஆன்கூடப் பண்ணவில்லையே சார் என்றேன்.

"இருக்குன்னு எழுதுனா எவ்ளோ இருக்குதுன்னு கேப்பான்யா. இல்லன்னு எழுதுனா ஒருத்தனும் கேக்கமாட்டான்."

படுபாவி சொன்னபடியே ஒருத்தனும் கேட்கவில்லை. குப்பியைச் சென்னைக்காவது அனுப்பலாம் என்று போய்ப் பார்த்தால், ஃபிரிட்ஜைக் கழுவியவர்கள் அதைக் கொட்டிவிட்டிருந்தார்கள். மோர் பத்திரமாக இருந்தது. ஸ்டெல்லாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் ஏசி அறைக் கதவைப் பார்த்துவிட்டுப் போனார்.

இருபது வருஷம் போல ஆகிவிட்டது. புது மிஷின், வரிசையாகச் சிலிண்டர்கள், நான்தான் பொறுப்பு. முதல் வேலையாக பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு அந்த ஏரிக்குப் போனேன். ஏரி முழுக்க மனைக்கற்கள். ஊற்று இருந்த இடத்தில் ரோடு. புது வீடு ஒன்றில் வேலைக்கு வந்து வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாதான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இப்போது மிஷின் ஓடுகிறது, தண்ணீரில் என்ன இருந்தாலும் சொல்லிவிடலாம் என்று உளறினேன்.

"யாருக்குங்க சொல்லுவீங்க?" என்றார். "எங்க வூட்டுக்காரரு அந்த வருசமே போய்ட்டாரு. அந்தத் தண்ணியத்தான் கடேசி வரிக்கும் அவரு வாயில ஊத்திக்கினு இருந்தேன்."

பிறகு உள்ளே போய், கேன் தண்ணீர் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார்.