குலம் அண்ணாவும் பறக்காத கிளைடரும்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சோறு வடித்துக் கஞ்சி எடுத்தேன். குடிப்பதற்கு அல்ல, குலம் அண்ணாவின் கிளைடர் இறக்கைக்குப் பூச. அது ஆறுவதற்குள் அவர் மனைவி மலர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, இண்டைக்கு வராதேங்கோ. அவர் போயிட்டார்." கடைக்குப் போனவர், கார் நிறுத்துமிடத்திலேயே மாரடைப்பில் இறந்திருந்தார். சீட் பெல்ட்டைக்கூடப் போட்டிருந்தாராம்.

எங்கள் கிளென் வேவர்லிப் பக்கம், இந்த நினைவுமலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர், கராஜில் என்னவோ செய்துகொண்டிருந்த மனிதர். அந்த 'என்னவோ', விமானத்துக்கு என்ஜின் வருவதற்கு முன் மனிதர்கள் பறந்து பார்த்த வகைக் கிளைடர். மரச்சட்டம், பருத்தித் துணி. நடுவிலுள்ள கட்டையில் கைகளை ஊன்றித் தொங்கியபடி சரிவில் ஓட வேண்டும். மேலே எழும்பியபின் காலை ஆட்டித்தான் திசை திருப்ப முடியும். அந்த நாட்களில் அப்படிப் பறந்து விழுந்து இறந்தவர்களைச் சொந்தக்காரர்களைப் போலக் குறைசொல்வார். "அந்தாள் அண்டைக்குக் காத்தைப் பாத்திருக்கோணும். அவசரம்."

என் மகளைத் தமிழ்ப் பள்ளியில் விடப்போன இடத்தில்தான் பழக்கம். நான் கட்டடப் பொறியாளர் என்று தெரிந்ததும், சட்டம் ஆளைத் தாங்குமா என்று பார்க்கக் கூப்பிட்டார். பார்க்கப் போனவள், துணி தைப்பவளும் ஆனேன். "ஊர்ல நிறையப் பட்டம் விட்டிருப்பீங்க போல" என்று ஒருமுறை சொன்னேன். முகம் மாறிவிட்டது. "இது பட்டமில்லைப் பிள்ளை. பட்டத்துக்குக் கயிறு இருக்கு. இதுக்கு ஆளின்ரை பாரம்தான் கயிறு."

துணிக்கு வார்னிஷ் அடிக்கலாம் என்றேன். கேட்கவில்லை. "அந்தக் காலத்திலை மாப்பசைதான் பூசினவை. வேட்டிக்குக் கஞ்சி போடுற சனத்துக்கு இது தெரியாதே?" கஞ்சியே போட்டோம். கராஜ் கதவின் இடுக்கு வழியாகப் பொசம் என்கிற, பூனையளவு மரவிலங்கு ஒன்று நுழைந்து இடது இறக்கையில் பாதியைத் தின்றுவிட்டது. மலர் அக்கா வந்து பார்த்துவிட்டு, "உப்புப் போடேல்லை போல, மிச்சம் விட்டிட்டுது" என்றார். அண்ணா சிரித்தார். முழுத் துணியையும் கழற்றினார். மறுபடியும் கஞ்சி, மறுபடியும் பொசம். கதவிடுக்கை மட்டும் கடைசிவரை அடைக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேலை முடிந்துவிடக் கூடாதென்று அவருக்குள் ஏதோ இருந்தது.

ஒருநாள் எல்லாம் சரியாக அமைந்தது. இறக்கைகளை மடித்து வேனில் ஏற்றி, டான்டினாங் மலைக்கு அப்பால் அவருக்குத் தெரிந்த விவசாயியின் புல்சரிவுக்குப் போனோம். அண்ணா கைகளை நுழைத்து நின்றார். எதிர்காற்று சீராக வந்து துணி விம்மியது. அவர் குதிகால் நிலத்தைவிட்டு எழும்பியதை நான் பார்த்தேன்.

"இப்ப ஓடுங்க அண்ணா."

"பொறும். காத்து இன்னும் கொஞ்சம் நிதானத்துக்கு வரட்டும்."

"இதுக்கு மேல என்ன வரணும்?"

நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு குனிந்து வெளியே வந்து, "ஒரு மூலைக்கு இன்னொரு பூச்சு வேணும். அடுத்த கிழமை பாப்பம்" என்றார். திரும்பும் வழியில் அண்ணா என் பக்கம் திரும்பினார்.

"கோவமோ?"

"கோபமில்ல. முதுகு வலி."

"எனக்கும்தான்" என்றார். அடுத்த கிழமை மழை. அதற்கடுத்த கிழமை யாருடையவோ கல்யாணம்.

செத்தவீட்டில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் என்னைத் தனியே அழைத்தார். முப்பத்தொன்றாம் நாள் நினைவு நிகழ்வுக்கு மண்டப மேடையின் சுவரில் கிளைடரை விரித்துத் தொங்கவிடலாமாம். "மேடைக்குக் கொஞ்சம் அகலம் கூடத்தான். ரெண்டு நுனியையும் அறுத்தால் சரி. மாலை போட்டால் தெரியாது." மலர் அக்காவைப் பார்த்தேன். "எனக்குக் கராஜ் வேணும், தங்கச்சி. எவ்வளவு காலமாக் காரை வெயிலுக்கை விடுறது? நீங்கள் என்ன சொன்னாலும் சரி." எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறன்று மரம் அறுக்கும் வாளோடு வருகிறார்கள்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது நிதானம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய். விழுந்துவிடுவோம் என்று கடைசிவரை அஞ்சியவர், நிறுத்திய காரில் பெல்ட் போட்டபடி போனார். என்னிடம் மிஞ்சியிருப்பது அவர்மேல் எரிச்சல். அதைத்தான் வைத்துக்கொள்கிறேன், அது பழுதில்லாத பொருள்.

மலர் அக்காவுக்கும் தலைவருக்கும் என் வீட்டாருக்கும் நான் இன்னும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. இந்த நினைவுமலர் உங்கள் கைக்கு வரும்போது மேடைச் சுவர் வெறுமையாக இருக்கும். சனிக்கிழமை கிளைடரை வேனில் ஏற்றி அந்தச் சரிவுக்குப் போகிறேன். உச்சிக்கு அல்ல, அடிப்பக்கத்துக்கு. முழங்கால் உயரம் எழும்பினால் போதும். சட்டம் என் பாரத்தைத் தாங்கும், கணக்குப் பார்த்தவள் நான்தான். உடைந்தால் அங்கேயே உடையட்டும். ஓடப்போகிறேன்.